கறுப்பு டேப் சுற்றிய கம்பி

சவுண்டுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயர் என்ன என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். முப்பத்தெட்டு வருடம் மேடை மேடையாக ஸ்பீக்கர் கட்டிய மனிதர். எந்த மண்டபமாக இருந்தாலும் நடுவில் போய் நின்று ஒருமுறை கையைத் தட்டுவார். தட்டின சத்தம் திரும்பி வருகிற விதத்தை வைத்தே, பெட்டியை எங்கே வைக்கலாம், எங்கே வைத்தால் மானம் போகும் என்று சொல்லிவிடுவார். கூட ஆள் வைத்துக்கொள்ளவே இல்லை. ஆள் வைத்தால் வேலையைச் சொல்லித் தரவேண்டும், சொல்லித் தந்தால் அவன் கேள்வி கேட்பான், கேள்வி கேட்டால் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எதற்கு வம்பு என்று ஒத்தை ஆளாகவே காலத்தை ஓட்டிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பேச்சு போய்விட்டது. ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போனதுதான் போயிற்று, முழுசாகவாவது போயிருக்கலாம். போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனது. 'அப்புறம்.' பசிக்கிறதா என்று கேட்டால் அப்புறம். ஜன்னலைத் திறக்கவா என்றால் அப்புறம். ஐயோ வலிக்கிறதே என்று கத்த வாயைத் திறந்தாலும் வெளியே வருவது அப்புறம்தான். எழுதிக் காட்டட்டும் என்று இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்து என்று ஒன்று உண்டு என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது, அது எப்படி இருக்கும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. கோடும் வட்டமுமாகக் கிறுக்கிவிட்டுப் பேனாவைத் தூக்கி எறிந்தார்.

ஆனால் காதில் விழுந்த ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது. முன்னைக்கு இப்போது நன்றாகவே கேட்டது என்றுகூடச் சொல்லலாம். வாய் சும்மா கிடந்தால் காதுக்குத்தானே வேலை.

மனைவி போய் ஆறு வருடமாகிறது. மகன் வீட்டில்தான் இருக்கிறார். மகன் நிலம் அளக்கிற சர்வேயர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். சாதத்துக்குத் தண்ணீர் ஊற்றினால்கூடக் குனிந்து மட்டம் பார்ப்பான். மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை செய்கிறாள். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து 'பிரேக், பிரேக்' என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்து மாமனாரின் சக்கர நாற்காலியைத் தள்ளும்போது மட்டும் சிரித்துக்கொண்டே தள்ளுவாள். இந்த ஒரு வண்டியிலதான் மாமா எனக்கு நிம்மதி என்பாள். இருவரும் நல்லவர்கள். அதைச் சந்தேகமில்லாமல் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அந்த நல்ல மனதால்தான் நடந்தது.

மூன்றாவது மாதம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா வந்தாள். நாற்பது வயதிருக்கும், தோளில் ஒரு கனத்த பை, உட்காரும்போதே கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம். பையிலிருந்து ஒரு பலகையை எடுத்துக் காட்டினாள். அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். தண்ணீர், தலையணை, கதவு, கம்பி, கை, கோபமான முகம், இன்னும் என்னென்னவோ. தொட்டுத் தொட்டுக் காட்டப் பழகினால் நினைத்ததைச் சொல்லலாம். பழகப் பழகச் சில பேருக்கு வார்த்தையே திரும்பி வந்திருக்கிறது என்றாள். அதைக் கேட்டதும் சவுண்டுக்காரருக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் அவருக்கே பயமாக இருந்தது. அந்தப் பலகையை அப்போதே பிடுங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

பிடுங்க முடியாது. அதற்கு ஒரு படி இருந்தது. ஆமாம் என்றால் கட்டைவிரலைத் தூக்கவேண்டும், இல்லை என்றால் உள்ளங்கையை ஆட்டவேண்டும். கேட்டது புரிந்து சரியாகப் பதில் சொல்கிறார் என்று தெரிந்தால்தான் பலகை. புரியாதவர்களிடம் பலகையைக் கொடுத்தால் குழப்பம் கூடும், அது அவளுடைய அனுபவம். அடைத்துக்கொண்ட நாளிலிருந்து முதல் ஆறு மாதம்தான் மூளை வேகமாகத் தேறும், அதில் மூன்று போய்விட்டது. பயிற்சிக்கு நான்கு வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னாள்.

சோதித்துப் பார்க்க அன்றைக்கே நாலைந்து கேள்வி கேட்டாள். இது பகலா, இவர் உங்கள் மகனா, இப்படி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், உங்களுக்கு நாலு காலா ஐயா என்று கேட்டாள். நல்ல காலத்தில் இதை எவனாவது கேட்டிருந்தால் அவன் வீடு போய்ச் சேர்ந்திருக்கமாட்டான். சவுண்டுக்காரருக்குக் குசும்பு தலைக்கேறியது. கட்டைவிரலை நன்றாக உயர்த்தி, ஆமாம் என்றார். மருமகள் களுக்கென்று சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒரு நோட்டை மகனிடம் கொடுத்தாள். புது ஆளிடம் இவர்கள் சரியாகப் பதில் சொல்லமாட்டார்கள், வீட்டில் சொல்வதுதான் கணக்கு. தினமும் பத்துக் கேள்வி கேளுங்கள்; பதில் உங்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த கேள்வியாக மட்டும் இருக்கட்டும்; சரியா தப்பா என்று குறித்துவையுங்கள்; இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்றாள்.

மகன் அன்று முழுக்க யோசித்தான். அப்பாவுக்குத் தெரிந்த விஷயமாகக் கேட்டால் சுலபமாக இருக்குமே என்று அவனுக்குத் தோன்றியது. அப்பாவுக்கு உலகத்தில் தெரிந்த விஷயம் ஒன்றுதான். மறுநாளே கொட்டகையில் கிடந்த ஸ்பீக்கர் ஜோடியையும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு வந்தான். சவுண்டுக்காரர் வாடகைக்கு விடாமல் தனக்கென்று வைத்திருந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் அவை. தூசி துடைத்து அவற்றைக் கூடத்துக்குள் கொண்டுவந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை என்றால் இவனல்லவா பிள்ளை என்று நினைத்தார்.

மகன் வேலையைத் தொடங்கினான். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அதே தூரம் ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்கிறவர் தலைக்கும் இடையே இருக்கவேண்டும், மூன்று பக்கமும் சமம் என்று எங்கோ படித்திருந்தான். முக்கோணம் என்றால் அவனுக்குச் சொல்லவா வேண்டும். லேசர் கருவி வந்தது, நூல் வந்தது, சாக்பீஸ் வந்தது. சோபாவை வாசல்பக்கம் தள்ளினான். அலமாரியை நகர்த்தினான். பின்சுவரிலிருந்து மூன்றடி விட்டான். பெட்டியின் உயரம் அப்பாவின் காதுக்கு நேராக வரவேண்டும் என்று இரண்டு முக்காலியின் காலை அறுத்தான். அப்பாவின் நாற்காலிச் சக்கரம் நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் குறித்தான். ஒரு மயிரிழை தப்பில்லை. மருமகள் உள்ளே வந்தவள் கோடுகளைப் பார்த்துவிட்டு, வீட்டை விற்கப்போறீங்களா என்று கேட்டாள்.

பாட்டைப் போட்டான். ஒரு பெண்குரல், பின்னால் இரண்டு மூன்று வாத்தியம், அடியில் கனமான தந்தி நாதம். சவுண்டுக்காரர் நூறு முறை கேட்ட பாட்டு. முதல் வரியிலேயே அவர் முகம் கோணிவிட்டது.

அந்தப் பெண் நடுவில் இல்லை. இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், எதிரே நின்று பாடுவதுபோல் கேட்கவேண்டிய குரல் எங்கேயும் இல்லாமல் சுவரெல்லாம் கரைந்து கிடந்தது. அடிநாதம் அடியோடு போய்விட்டது. காதை இரண்டு பக்கமும் யாரோ உறிஞ்சுவதுபோல் இருந்தது. ஒரு பெட்டியில் கம்பி மாறியிருக்கிறது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது, ஒன்றை ஒன்று தின்கிறது. தொழிலில் இருக்கிறவனுக்கு இது அரிச்சுவடி.

ஏன் மாறியது என்பதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இடதுபக்கப் பெட்டிக்குப் போட்டிருந்தது அவருடைய பழைய கம்பி, அதன் மறுமுனை ஆம்ப்ளிஃபயரில் அவர் எப்போதோ மாட்டியபடியே இருந்தது. இரண்டு இழையும் சாம்பல் நிறம். ஒரு இழையின் நுனியில் மட்டும் கறுப்பு டேப். தொழிலுக்கு வந்த புதிதில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்பு டேப் சுருள். ப்ளஸ் கம்பி எது என்று அடையாளம் தெரிவதற்கு அதில் ஒரு சுற்றுச் சுற்றினார். அன்றிலிருந்து அவருக்குக் கறுப்பு என்றால் ப்ளஸ். ஊர் உலகத்துக்குக் கறுப்பு என்றால் மைனஸ் என்று தெரியாமலில்லை. கட்டுகிறவனும் நான், கழற்றுகிறவனும் நான், எவனுக்கு நான் விளக்கம் சொல்லணும் என்ற திமிர். அந்தத் திமிர் முப்பத்தெட்டு வருடம் ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தது. வலதுபக்கத்துக்கு மகன் கடையில் புதுக்கம்பி வாங்கியிருந்தான், சிவப்பும் கறுப்பும். இரண்டு பெட்டியிலும் கறுப்புக் கம்பியைக் கறுப்பு முனையில் மாட்டினான். படித்த பிள்ளை வேறென்ன செய்வான்.

டேய், இடது பெட்டியில் கம்பியை மாற்றிப் போடுடா. இவ்வளவுதான் சொல்லவேண்டும். மூச்சை இழுத்து, நாக்கைத் திரட்டி, உயிரைக் கொடுத்துச் சொன்னார். "அப்புறம்" என்று வந்தது.

மகன் நோட்டைத் திறந்து எதிரே உட்கார்ந்தான். சத்தம் நல்லா இருக்காப்பா என்று கேட்டான். அவர் உள்ளங்கையை ஆட்டினார். பாடுறவங்க குரல் நடுவுல இருந்து வருதா? ஆட்டினார். ரெண்டு பெட்டியும் சரியான இடத்துல இருக்கா? இருக்கிறது, இடம் பிரமாதம், கட்டைவிரலைத் தூக்கினார். கம்பியெல்லாம் சரியா மாட்டியிருக்கா? வெறிகொண்டவர்போல ஆட்டினார். மகன் எழுந்து போய்ப் பெட்டிகளின் பின்னால் குனிந்து பார்த்தான், ஸ்பீக்கரோடு வந்த பழைய தாளைப் பிரித்து வைத்து ஒப்பிட்டான். கறுப்புக்குக் கறுப்பு. சரியாகத்தான் இருந்தது. பெருமூச்சோடு வந்து உட்கார்ந்து நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

இப்படியே போனது நாள். வீட்டுக் கேள்வி ஐந்து, ஸ்பீக்கர் கேள்வி ஐந்து என்று வைத்துக்கொண்டான். முன்கூட்டி வகுத்துக்கொண்ட அதே பத்து, அதே வரிசை. அளவு எடுக்கிறவன் அளவுக்கல்லை மாற்றமாட்டான். அப்பா கையை ஆட்டினால் அவன் சும்மாவும் இருக்கவில்லை. ஒருவேளை அவர் சொல்வதில் ஏதாவது இருக்குமோ என்று பெட்டியை ஒரு அங்குலம் உள்ளே திருப்பினான். இரண்டு அங்குலம் முன்னே இழுத்தான். தரையில் கம்பளம் போட்டான், எடுத்தான். திரைச்சீலையை மூடினான், திறந்தான். சவுண்டுக்காரர் இடது கையை நீட்டிப் பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டுவார். சுவரைக் காட்டுகிறார் என்று நினைத்து இன்னும் அரை அடி நகர்த்துவான். அவனுடைய முதுகுவலியைப் பார்க்க அவருக்கே பாவமாக இருக்கும். அதே சமயம் எழுந்து நாலு அறை விட்டால் தேவலை என்றும் இருக்கும்.

நகர்த்தி முடித்ததும் அவன் சுவரோரமாக ஸ்டூலில்தான் உட்காருவான். நடுப்புள்ளி அப்பாவுடைய இடம். அங்கே அப்பாவின் நாற்காலி நிற்கிறது. ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துப் பெட்டிதான் பெரிதாகக் கேட்கும், இந்தக் கோளாறு தெரியாது. ஒருநாள், ஒரே ஒரு நாள், அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு அந்த இடத்தில் அவன் தன் தலையை வைத்துக் கேட்டிருக்கலாம். பாழாய்ப்போன மரியாதை.

ஒன்பதாம் நாள் மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தானே செய்துவிடுவது என்று சவுண்டுக்காரர் முடிவு கட்டினார். ஆறடி தூரம். இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தினார். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் நாற்காலி நேராகப் போகுமா? வட்டமடித்தது. வட்டமடித்து வட்டமடித்து, வியர்த்து ஒழுகி, கால்மணி நேரத்தில் பெட்டியருகே போய்விட்டார். கையை நீட்டினார். கம்பி விரலில் தட்டுப்பட்டது. எத்தனை ஆயிரம் முறை தொட்ட கம்பி. பிடித்து இழுத்தார். கம்பி வரவில்லை, பெட்டி வந்தது. முக்காலி சாய்ந்து பெட்டி அவர் மடிமேல் விழுவதற்கும் மருமகள் ஓடிவந்து தாங்குவதற்கும் சரியாக இருந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பெட்டியை நேராக நிறுத்தி, அவர் முகத்தைத் துண்டால் துடைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். மகன் வந்ததும் தணிந்த குரலில் சொன்னாள். அன்று மாலையே இரண்டு பெட்டியின் கம்பியையும் சுவரோடு சேர்த்துக் கிளிப் அடித்து இறுக்கினான், அப்பா கை படாத உயரத்தில்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்தாள். நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து சரி, ஐந்து தப்பு, சில நாள் ஆறு, நாலு. அவள் பேனாவை மூடிவிட்டு மகனிடம் சொன்னாள்: "பாதிக்குப் பாதின்னா, அது பதில் இல்ல சார். காசைச் சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும்."

சவுண்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவரை அந்த நோட்டில் என்ன எழுதுகிறான் என்று அவர் கவலைப்படவே இல்லை. கேட்கிறான், சொல்கிறோம், ஒருநாள் கண்டுபிடிப்பான் என்று இருந்தார். தான் உள்ளதைச் சொன்ன ஒவ்வொரு பதிலும் தனக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பலகை பையைவிட்டு வெளியே வரவே இல்லை. மகன் கெஞ்சினான். இன்னும் ஒரு வாரம், ஒரே வாரம் என்றான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். சரி, ஒரு வாரம், அதற்குமேல் என்னால் இடம் பிடித்துவைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஒரு வாரம் சவுண்டுக்காரர் பொய் சொன்னார்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. முதலமைச்சரே வந்து நின்றாலும் சத்தம் சரியில்லை என்றால் மேடையைத் தொடங்க விடாத ஆள் அவர். சத்தம் நல்லா இருக்காப்பா? கட்டைவிரல். குரல் நடுவுல இருந்து வருதா? கட்டைவிரல். குரல் கூடம் முழுக்க அநாதையாக அலைந்துகொண்டிருக்கும், இவர் விரலைத் தூக்கிக்கொண்டிருப்பார். கம்பி சரியா இருக்கா என்ற கேள்விக்கு விரலைத் தூக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வார். வெட்கமாக இருந்தது. ஆனால் பலகை வேண்டும். பலகை வந்தால் முதல் வேலையாகக் கம்பிப் படத்தைத் தொட்டு, கோபமான முகத்தைத் தொட்டு, இவனை ஒரு வழி பண்ணிவிடலாம்.

முதல் நாள் பத்துக்குப் பத்து. மகன் நம்பாமல் இரண்டாம் முறை கேட்டான். அப்போதும் பத்து. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பத்து. ஐந்தாம் நாள் அவன் நோட்டை மூடி வைத்துவிட்டு அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தான், அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கல்யாணமாகிப் பத்து வருடமான ஆண்பிள்ளை. சவுண்டுக்காரர் அவன் தலைமுடியை இடது கையால் கோதினார். பொய்யாக இருந்தால் என்ன, போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தாள். நோட்டைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. உடனே ஒரு யோசனையும் வந்துவிட்டது. பேசிக்கொள்ள மகனைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், மருமகளும் போனாள். நாற்காலியில் இருந்தவருக்கு முணுமுணுப்புதான் கேட்டது.

அவர்கள் பேசியது இதுதான். தினமும் இதே பத்துக் கேள்வியா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றான். அப்படியென்றால் எதற்கு விரலைத் தூக்கவேண்டும், எதற்குக் கையை ஆட்டவேண்டும் என்று அவருக்குப் பழகிப்போயிருக்கலாம், புரிந்து சொல்கிறார் என்று ஆகாது. ஒரே கேள்வியை, பொருள் சரியாக இருக்கும்போது ஒருமுறையும் தப்பாக இருக்கும்போது ஒருமுறையும் கேட்கவேண்டும். அவருக்குத் தெரியாமல் மாற்றவேண்டும். இரண்டுக்கும் இரண்டு பதில் வந்தால் இன்றைக்கே பலகையைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

மகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிடச் சுலபம் என்ன இருக்கிறது. அப்பாவின் ஸ்பீக்கரில் ஒரு பெட்டிக்கு வேண்டுமென்றே கம்பியை மாற்றிக் கொடுக்கிறேன். மாற்றிக் கொடுத்தால் சத்தம் கெட்டுப்போகும் என்று தாளிலேயே போட்டிருக்கிறது. நமக்கெல்லாம் வித்தியாசம் தெரியாது மேடம், அவர் ஒரு வரியிலேயே பிடித்துவிடுவார், எழுந்திருக்க முடிந்தால் என்னை அடிக்கவே வருவார் என்று சிரித்தான்.

வெளியே வந்தார்கள். மருமகள் முகம் துடைக்கிற சாக்கில் நாற்காலியை ஒரு சுற்றுத் திருப்பி, துண்டை அவர் கண்மேல் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் மகன் வலதுபக்கப் பெட்டியின் பின்னால் போய், கிளிப்பைத் தளர்த்தி, சிவப்பில் கறுப்பையும் கறுப்பில் சிவப்பையும் மாட்டிவிட்டான். அவள் நாற்காலியைக் குறிபோட்ட இடத்தில் திரும்ப நிறுத்தினாள். பாட்டு தொடங்கியது.

அந்தப் பெண் வந்து நின்றாள்.

இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில், அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்று பாடினாள். உதடு பிரிகிற சத்தம் கேட்டது. வரிக்கு வரி இழுக்கிற மூச்சு கேட்டது. அடிநாதம் தரை வழியாக ஏறி, செத்துக்கிடந்த வலது பாதத்தில்கூட எதையோ தொட்டது. வாத்தியங்கள் அவளுக்குப் பின்னால் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. மகன் வைத்த முக்கோணத்தில் ஒரு அப்பழுக்கு இல்லை, இத்தனை நாள் வீணாகிக்கொண்டிருந்த அத்தனை அளவும் இப்போதுதான் உயிர்பெற்றது. சவுண்டுக்காரர் தன் வாழ்நாளில் எந்த மண்டபத்திலும் இவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை.

கண்டுபிடித்துவிட்டான். என் பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். நான் சொன்னது அவனுக்கு எட்டிவிட்டது. அவருக்கு இது ஒன்றுதான் ஓடியது. சிரித்தார், கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

"சத்தம் சரியா இருக்கா ஐயா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

கட்டைவிரலைத் தூக்கினார். போதாது என்று கையையே தலைக்குமேல் தூக்கினார். மகனைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினார். ஒரு வாரமாகச் சொன்ன பொய்யெல்லாம் அந்த ஒரு பதிலில் கழுவிப்போனதுபோல் அவருக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

மகன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் மனைவியைப் பார்த்தான், அவள் தரையைப் பார்த்தாள். பழையபடி மாற்றச் சொல்லி அந்த அம்மா கையால் சைகை காட்டினாள். மகன் மெதுவாக நடந்து வலதுபக்கப் பெட்டியின் பின்னால் போனான். இந்தமுறை ஒளித்து மறைத்துச் செய்யவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பியைக் கழற்றினான்; கறுப்பைக் கறுப்பில் மாட்டினான், சிவப்பைச் சிவப்பில் மாட்டினான். குரல் நின்ற இடத்திலேயே கரைந்து சுவருக்குப் போய்விட்டது.

"இப்ப சரியா இருக்கா ஐயா?"

அவருக்கு இப்போது எல்லாம் விளங்கியது. சமையலறை முணுமுணுப்பு, துண்டு, மருமகள் பார்வை, எல்லாம். இல்லை என்று சொன்னால், சரியானதைத் தப்பு என்கிறார், தப்பைச் சரி என்கிறார் என்றாகும். ஆமாம் என்று சொன்னால், எதைக் கேட்டாலும் விரலைத் தூக்குகிறார் என்றாகும். உள்ளதும் உதவாது, பொய்யும் உதவாது. மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது, அதற்குத்தான் வாய் வேண்டும். கை பாதியில் நின்றது. எந்தப் பக்கமும் போகாமல் அங்கேயே நடுங்கியது. அவர் வாயைத் திறந்து அந்த ஒரே சொல்லைச் சொன்னார், திரும்பச் சொன்னார், கத்தினார். பிறகு அழ ஆரம்பித்தார்.

அழுகிறவரிடம் கேள்வி கேட்டு எழுதக்கூடாது என்று அந்த அம்மா நோட்டை மூடினாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது. ஐயாவுக்குப் பாட்டு பிடிக்கிறது, அது நல்ல விஷயம், தினமும் போடுங்கள். கேள்வி கேட்டு அவரை வதைக்கவேண்டாம். ஆறு மாதம் கழித்து இடம் இருந்தால் கூப்பிடுகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

மகன் அப்பாவின் முன்னால் மண்டியிட்டான். நடுங்குகிற இடது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து அடக்கி மடியில் வைத்தான். அவர் அந்தக் கையை விடுவித்துக் கம்பியைக் காட்டப் பார்த்தார், அவன் விடவில்லை.

"போதும்பா. இனிமே உங்களை ஒண்ணும் கேக்கமாட்டேன். எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

அழுகை கொஞ்சம் அடங்கட்டும் என்று பாட்டை இன்னும் இரண்டு புள்ளி கூட்டி வைத்தான். நாற்காலி இம்மிகூட விலகாமல் குறிபோட்ட இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, சக்கரத்தின் பிரேக்கை அழுத்திவிட்டு, அந்த அம்மாவை வாசல்வரை கொண்டுபோய் விடப் போனான்.